இனிப்பும் பூச்சியம், மதுசாரமும் பூச்சியம்: கள்ளை அளக்கும்போது அடர்த்திமானி சொல்வது என்ன?

பனைவளவு (யாழ்ப்பாணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கும் சிறு நிலையமொன்றின் ஆய்வுகூடத்தில் பணிபுரிகிறேன். நீண்ட காலமாகக் கண்ணாடி நீரமானியையே (ஹைட்ரோமீட்டர்) நம்பியிருந்தோம். சில மாதங்களுக்கு முன் மேசையில் வைத்துப் பயன்படுத்தும் எண்முறை அடர்த்திமானி ஒன்றை வாங்கினோம். கள் சேகரிக்கும் இடங்களுக்குக் கொண்டுசெல்லக் கையடக்கக் கருவி ஒன்றும் உண்டு. மேசைக் கருவி மாதிரியைத் தானாகவே 20 பாகை செல்சியசுக்குக் கொண்டுவந்து, அடர்த்தியை நான்கு தசம தானங்கள் வரை காட்டுகிறது. அதே திரையில் 'பிரிக்ஸ்' (சீனியின் அளவு) என்றும் 'மதுசாரம், கனவளவுச் சதவீதம்' (ஆல்கஹாலின் அளவு) என்றும் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. இந்த இரண்டு தெரிவுகளுக்காகத்தான் இத்தனை பணம் கொடுத்து இதை வாங்கினோம் என்றுகூடச் சொல்லலாம்.

சென்ற வாரம் நன்றாக நொதித்த கள் மாதிரியொன்றை அளந்தபோது அடர்த்தி 0.9982 என்று வந்தது. பிரிக்ஸ் தெரிவுக்கு மாற்றினேன், 0.0 என்றது. மதுசாரத் தெரிவுக்கு மாற்றினேன், அதுவும் 0.0 என்றது. அந்தக் கள்ளை ஒரு வாய் குடித்தவர் எவரும் அதை நீர் என்று சொல்லமாட்டார். அன்று காலை இறக்கிய இன்னொரு கள்ளின் அடர்த்தி 1.0100. அதற்குப் பிரிக்ஸ் 3.0 என்று காட்டிய கருவி, மதுசாரத்துக்கு வெறும் கோடுகளை மட்டும் காட்டியது. கருவியை விற்றவர்களிடம் கேட்டேன். அளவுதிருத்தம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். செய்து பார்த்தேன், எதுவும் மாறவில்லை.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒரே மாதிரியை மூன்று முறை செலுத்தினால் 0.9982, 0.9961, 0.9975 என மூன்று விதமாக வருகிறது. லேபலில் மதுசாரச் சதவீதத்தை அச்சிட வேண்டிய பொறுப்பு எங்களுடையது என்பதால், இந்த எண்களில் எதை நம்புவது, எதை விடுவது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

குடுவை (கோயம்புத்தூர்) பதில்:

மூன்று விதமாக வரும் அளவுகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு பூஜ்யங்களைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன். அந்த இரண்டு பூஜ்யங்களைப் பொறுத்தவரை உங்கள் கருவியில் பழுது இல்லை. அது சரியாகவே அளந்திருக்கிறது. அதற்குத் தெரியாத ஒன்றை நாம் அதனிடம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

கரும்பாலையைச் சார்ந்த வடிப்பாலை ஒன்றின் ஆய்வகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மாநிலத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் கள்ளை அளந்த அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் சர்க்கரையும் ஆல்கஹாலும் சேர்ந்திருக்கும் எந்த நீர்மமும், அது திராட்சை மதுவானாலும் இனிப்பூட்டிய சாராயமானாலும், இதே சிக்கலைத்தான் தரும்.

அந்தக் கருவிக்குள் இருப்பது யூ வடிவில் வளைந்த மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று. அதை இடைவிடாமல் அதிரச் செய்கிறார்கள். உள்ளே நிரம்பிய நீர்மம் கனமானதாக இருந்தால் அதிர்வு மெதுவாகிறது, இலேசானதாக இருந்தால் விரைவாகிறது. ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரத்தின் இருமடிக்கும் அடர்த்திக்கும் நேர்கோட்டுத் தொடர்பு இருப்பதால், அடர்த்தி தெரிந்த இரண்டு பொருள்களை, வழக்கமாக உலர்ந்த காற்றையும் தூய நீரையும், குழாயில் வைத்துப் பார்த்து அந்தக் கோட்டை நிலைநிறுத்திவிட்டால், பிறகு எந்த நீர்மத்தின் அடர்த்தியையும் அதிர்வு நேரத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஹான்ஸ் ஸ்டாபிங்கர், ஹான்ஸ் லியோபோல்ட் என்ற இருவர் உருவாக்கிய இந்த முறையைக் கொண்டு ஆன்டன் பார் நிறுவனம் 1967-இல் முதல் எண்முறை அடர்த்திமானியை வெளியிட்டது. இன்று எவர் செய்த கருவியை வாங்கினாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது இதே குழாய்தான்.

ஆக, கருவி அளப்பது அதிர்வு நேரத்தை. அதிலிருந்து பெறுவது அடர்த்தியை. அதற்கு மேல் திரையில் தோன்றும் எதுவும் அளவீடு அன்று, அட்டவணையைப் புரட்டிப் பார்த்த விடை. பிரிக்ஸ் அட்டவணை, நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் சுக்ரோஸ் இருந்தால் எந்த அடர்த்தி வரும் என்பதைச் சொல்கிறது. அதில் சர்க்கரையும் நீரும் மட்டுமே உண்டு. ஆல்கஹால் அட்டவணையில் எத்தனாலும் நீரும் மட்டுமே உண்டு. இதைப் பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பு ஒழுங்குபடுத்தி வெளியிட்டிருக்கிறது. இவை வெறும் விகிதக் கணக்குகள் அல்ல, உட்கார்ந்து அளந்து தொகுத்தவை. 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 வருவதில்லை, ஏறத்தாழ 96.5 மில்லிலிட்டர்தான் வருகிறது. எனவே மனக்கணக்காகப் போட முயல வேண்டாம்.

உங்கள் கள்ளில் மூன்றும் இருக்கின்றன. சர்க்கரை அடர்த்தியை நீருக்கு மேலே தள்ளுகிறது, ஆல்கஹால் கீழே இழுக்கிறது. 20 டிகிரியில் தூய நீர் 0.9982. கன அளவில் 5 சதவீதம் ஆல்கஹால் கலந்த நீர் 0.9911. அந்த 0.0071 இறக்கத்தை ஈடுசெய்ய, 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1.8 கிராம் சர்க்கரை போதும். ஆல்கஹால் 8 சதவீதம் என்றால் அடர்த்தி 0.9872 ஆகிறது, ஏறத்தாழ 2.8 கிராம் சர்க்கரை அதையும் திரும்பத் தூக்கி 0.9982-இல் நிறுத்திவிடும். இந்த இரண்டு பானங்களையும், வெறும் நீரையும், உங்கள் கருவியால் வேறுபடுத்தவே இயலாது. அடர்த்தி என்ற ஒரே ஓர் எண்ணை வைத்து இரண்டு அறியாதவற்றைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பள்ளிக்கூட இயற்கணிதம். 1.0100 என்ற இரண்டாவது மாதிரிக்குக் கோடுகள் வந்ததும் இதனால்தான். நீரைவிடக் கனமான எத்தனால் கரைசல் என்று ஒன்று அந்த அட்டவணையில் இல்லை. அந்தக் கோடுகள்தான் கருவி உங்களிடம் மிக நேர்மையாகச் சொன்ன விடை என்று நான் நினைக்கிறேன். இரண்டு பூஜ்யங்கள் அதைவிட ஆபத்தானவை, ஏனெனில் அவை விடைபோலத் தோற்றமளிக்கின்றன.

வழி, இரண்டையும் பிரிப்பதுதான். 20 டிகிரியில் சரியாக 100 மில்லிலிட்டர் கள்ளை அளவுக் குடுவையில் எடுத்து, அதைச் சிந்தாமல் வடிகலத்துக்கு மாற்றி, குடுவையைச் சிறிது நீரால் கழுவி அந்த நீரையும் அதிலேயே சேர்த்து, முக்கால் பங்கு வடியும் வரை காய்ச்சுங்கள். வடிநீரை அதே குடுவையில் சேகரித்து, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, நீர் சேர்த்து மீண்டும் 100 மில்லிலிட்டர் ஆக்குங்கள். இப்போது அதில் எத்தனாலும் நீரும் மட்டுமே இருக்கும். ஆல்கஹால் தெரிவு சொல்லும் எண் உண்மையாகும். வடிகலத்தில் எஞ்சியதையும் ஆறவைத்து அதேபோல் 100 மில்லிலிட்டராக்கி அளந்தால், சர்க்கரையும் பிற கரைபொருள்களும் சேர்ந்த அளவு கிடைக்கும். இரண்டையும் அளந்த பிறகு ஒரு சரிபார்ப்பு உண்டு: கள்ளின் அடர்த்தியிலிருந்து வடிநீரின் அடர்த்தியைக் கழித்து நீரின் அடர்த்தியைக் கூட்டினால் எச்சத்தின் அடர்த்தி வரவேண்டும். பிரான்சில் தபாரியே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்ன சூத்திரம் இது. நான் பணியில் இருந்தவரை, இந்தக் கூட்டல் ஒத்துவராத எந்த அறிக்கையிலும் கையெழுத்திட்டதில்லை.

மேற்கரை (ஸ்டுட்கார்ட்) பதில்:

வீட்டில் ஆப்பிள் மதுவும் பியரும் செய்பவன் என்ற முறையில் ஒரு மாற்று வழியைக் கூறுகிறேன். ஒவ்வொரு முறையும் வடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நொதித்தல் தொடங்கும் முன் பிரிக்ஸ் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தால் போதும். இங்கே திராட்சைச் சாற்றின் அடர்த்தியை ஓக்ஸ்லே என்ற அலகில் சொல்வார்கள். நீரைப்போல 1.080 மடங்கு கனம் என்றால் 80 ஓக்ஸ்லே. மது செய்பவர்கள் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டே, முடிவில் எத்தனை சதவீதம் வரும் என்று கணித்துவிடுகிறார்கள்.

பியர் செய்பவர்களிடம் பாலிங் வகுத்த கணக்கு இருக்கிறது. பிராகாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் கண்டது என்னவென்றால், ஆல்கஹால் கலந்த நிலையில் கருவி காட்டும் 'தோற்றப் பிரிக்ஸ்' எப்போதும் உண்மையைவிடக் குறைவு. தொடக்க பிரிக்ஸை 0.1808-ஆல் பெருக்கி, தோற்றப் பிரிக்ஸை 0.8192-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் உண்மையான எச்சம் கிடைக்கும். உங்கள் பனைச் சாறு 12 பிரிக்ஸில் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தோற்றம் 0.0. எனவே உண்மை எச்சம் 2.2. அவருடைய கணக்கைத் தொடர்ந்து போட்டால் ஆல்கஹால் கன அளவில் 6.4 சதவீதம் வருகிறது. 1.0100 காட்டிய மாதிரியும் அதே 12-இல் தொடங்கியிருந்தால், தோற்றம் 3.0, உண்மை எச்சம் 4.6, ஆல்கஹால் 4.9 சதவீதம்.

தொடக்க அளவு தெரியாவிட்டால், ஒளி வளையும் அளவைக் கொண்டு பிரிக்ஸ் காட்டும் ஒளிவிலகல்மானியைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆல்கஹால் அடர்த்தியைக் குறைக்கிறது, ஆனால் ஒளிவிலகலைக் கூட்டுகிறது. சர்க்கரை இரண்டையும் கூட்டுகிறது. ஆகவே அடர்த்திமானியில் 0 காட்டும் உங்கள் கள், ஒளிவிலகல்மானியில் 4 பிரிக்ஸுக்கு மேலேயே காட்டும் என்று எதிர்பார்க்கிறேன். அறியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. ஐயா சொன்ன இயற்கணிதம் இப்போது தீர்ந்துவிடுகிறது அல்லவா?

பனைவளவு (யாழ்ப்பாணம்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பூச்சியங்களின் மர்மம் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் மேற்கரை அவர்கள் கூறிய முதல் வழி இங்கே பொருந்தாது. காரணம் பனைமரத்தின் உச்சியில் இருக்கிறது.

பியருக்கும் திராட்சை மதுவுக்கும் நொதித்தல் எப்போது தொடங்குகிறது என்பதை மனிதரே தீர்மானிக்கிறார். சாற்றை எடுத்து, அளந்து, பிறகு மதுவத்தை (ஈஸ்ட்) சேர்க்கிறார். கள்ளுக்கு அப்படியொரு தொடக்கம் இல்லை. சீவல் தொழிலாளி பாளையைச் சீவி, சாறு சேரும் பானையான முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார். முதல் துளி விழுந்ததும் முட்டியின் சுவரில் ஊறியிருக்கும் மதுவமும் பற்றீரியாவும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மறுநாள் காலை முட்டியை இறக்கும்போது, அதில் பல மணி நேரம் நொதித்த சாறும் சற்றுமுன் சொட்டிய சாறும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நொதிக்காத சாறு வேண்டுமென்றால் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும், ஆனால் அப்போது கிடைப்பது கருப்பநீர், கள் அன்று. ஒரு மரத்தின் கருப்பநீரை அளந்து அடுத்த மரத்தின் கள்ளுக்குத் தொடக்கமாகக் கொள்ளவும் மனம் ஒப்பவில்லை, ஏனெனில் மரத்துக்கு மரம், பாளைக்குப் பாளை, பருவத்துக்குப் பருவம் இனிப்பு மாறுகிறது.

மேலும், கள்ளில் மதுவம் மட்டும் நொதிக்கச் செய்வதில்லை. சைமோமோனாஸ் என்ற பற்றீரியா சீனியை நேரடியாக எதனோலாக மாற்றுகிறது என்றும், அது தன் உடலை வளர்த்துக்கொள்ளச் செலவிடும் சீனி மதுவம் செலவிடுவதைவிடக் குறைவு என்றும் படித்திருக்கிறேன். இன்னும் சில வகைகள் இலற்றிக்கமிலத்தையும் அசற்றிக்கமிலத்தையும் ஆக்குகின்றன. பியருக்காக வகுத்த எண்கள் இங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

எனவே வடிப்பதே சரியென்று முடிவு செய்துள்ளேன். ஆனால் அசற்றிக்கமிலத்தை நினைத்தால் ஒரு கேள்வி எழுகிறது: அதுவும் ஆவியாகி வடிநீரில் வந்து சேராதா? அதோடு, மூன்று முறை மூன்று விதமாகக் காட்டியதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நுண்குமிழி (சென்னை) பதில்:

ஆய்வகக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். மூன்று விதமான அளவுகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனெனில் என் பணி நேரத்தில் பெரும்பகுதி இதைத் தேடுவதிலேயே போகிறது. உங்கள் குழாயில் குமிழி இருக்கிறது, அல்லது சிறிது நேரத்தில் தோன்றுகிறது. கள் என்பது அளக்கும்போதும் நொதித்துக்கொண்டிருக்கும் நீர்மம். அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குழாய்க்குள் சென்ற பிறகும் வெளியேறத் துடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்தக் குழாய் கொள்வது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். அதில் ஒரு மைக்ரோலிட்டர் அளவுள்ள குமிழி, அதாவது குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒன்று, ஆயிரத்தில் ஒரு பங்கு நீர்மத்தை வெளியேற்றிவிடுகிறது. அடர்த்தியில் 0.001 குறைந்துபோகும். கள்ளின் எல்லையில் அது ஆல்கஹாலில் ஏறக்குறைய முக்கால் சதவீதத்துக்குச் சமம். குழாயின் வளைவில்தான் அதிர்வு மிகப் பெரிதாக இருக்கும் என்பதால், அங்கே நிற்கும் குமிழி அதைவிட அதிகமாகவும் ஏமாற்றும். குமிழி எப்போதும் அடர்த்தியைக் குறைத்தே காட்டுமாதலால், உங்கள் மூன்று அளவுகளில் 0.9982 உண்மைக்கு மிக அருகில் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஆனால் ஊகத்தை அறிக்கையில் எழுத முடியாது.

கள்ளை முதலில் பனிக்கட்டி நீரில் வைத்து நன்றாகக் குளிரவையுங்கள். நொதித்தல் அடங்கும், ஆல்கஹாலும் எளிதில் ஆவியாகாது. பிறகு வாயகன்ற கண்ணாடிக் கலத்தில் ஊற்றி, காந்தக் கலக்கியில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெதுவாகக் கலக்குங்கள். கலத்தைக் கண்ணாடித் தட்டால் மூடியிருப்பது அவசியம். கலக்கி இல்லையென்றால் இரண்டு கலங்களுக்கிடையே பலமுறை மாற்றி ஊற்றினாலும் வாயு போய்விடும், சற்று ஆல்கஹாலும் சேர்ந்து போகும். பிறகு மடித்த வடிதாளில் வடிகட்டுங்கள். மிதக்கும் ஈஸ்டும் கசடும் கரைபொருள் அல்ல, ஆனாலும் அவை அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். வடிகட்டிய கள் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு, சிரிஞ்சால் அவசரமில்லாமல் செலுத்தி, குழாயைப் பார்க்கும் சாளரம் இருந்தால் விளக்கைப் போட்டு ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த மாதிரியை நேராகச் செலுத்தினால் அது சூடேறும்போது மீண்டும் குமிழி விடும். மூன்று முறை செலுத்தி மூன்றும் 0.0001-க்குள் ஒத்துவராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கழுவும் ஒழுங்கைப் பற்றிப் பலரும் நினைப்பதில்லை. முதலில் நீர், பிறகுதான் எத்தனால் அல்லது அசிட்டோன், கடைசியில் காற்று. முதலிலேயே எத்தனாலை விட்டால், அதில் சர்க்கரை கரையாது, புரதம் திரிந்து கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தின் எடையையும் குழாய் அதிர்வில் சேர்த்துக்கொள்ளும். பிறகு நீங்கள் அளப்பது பழைய கள்ளும் புதிய கள்ளும் சேர்ந்த அடர்த்தியைத்தான்.

யாழ்ப்பாணத்தைப் போன்ற கடலோர ஊரில் இருப்பவருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் அறைக் காற்று ஈரப்பதம் மிகுந்தது. கருவியோ குழாயை 20 டிகிரியில் வைத்திருக்கிறது. ஈரக் காற்றை அப்படியே உள்ளே ஊதினால், குளிர்ந்த சோற்றுப் பானையின் வெளியே வேர்ப்பதுபோல, குழாயின் உள்ளே நீர் படியும். காற்றை வைத்து அளவுதிருத்தம் செய்தவர்கள் அந்த நீரையும் சேர்த்துத்தான் 'காற்று' என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்திக் குழல் வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். காற்றுக்கு 0.0012, வாயு நீக்கிய தூய நீருக்கு 0.9982 என்று தினமும் காலையில் வருகிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வந்தால் அளவுதிருத்தத்தைத் தொடாதீர்கள். எண் பிடிக்கவில்லை என்பதற்காக அளவுதிருத்தம் செய்வது, மணி பிந்திவிட்டது என்று கடிகாரத்தைத் திருப்பிவைப்பதுபோல.

கையடக்கக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அந்த வகையின் துல்லியம் பொதுவாக 0.001 அளவில்தான் இருக்கும், திரையில் நான்கு இலக்கங்கள் தெரிந்தாலும்கூட. அது மாதிரியை 20 டிகிரிக்குக் கொண்டுவருவதில்லை. இருக்கும் வெப்பநிலையில் அளந்து, அட்டவணையைக் கொண்டு மாற்றிச் சொல்கிறது. வெறும் நீரே 30 டிகிரியில் 0.9957-க்கு இறங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வெப்பநிலைத் திருத்தம் தவறினால் அந்த நீரில் ஒன்றே முக்கால் சதவீதம் ஆல்கஹால் இருப்பதாக அட்டவணை சொல்லும். கருவியில் எந்தத் திருத்தத்தைத் தெரிவு செய்திருக்கிறீர்கள், சர்க்கரைக்கானதா, ஆல்கஹாலுக்கானதா என்று பாருங்கள். கள்ளுக்கு இரண்டுமே முழுமையாகப் பொருந்தாது.

குடுவை (கோயம்புத்தூர்) பதில்:

அசிட்டிக் அமிலத்தைப் பற்றி நீங்கள் எழுப்பிய ஐயம் மிகச் சரியானது. முதல் பதிவிலேயே அதை நான் சொல்லியிருக்க வேண்டும். வடிப்பாலையில் புளித்த கள்ளைப் பார்த்ததில்லை என்பதால் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். அசிட்டிக் அமிலம் நீரைவிடக் கனமானது, அதில் ஒரு பகுதி ஆவியோடு வந்துவிடும், வடிநீரின் அடர்த்தியை உயர்த்திவிடும். விளைவாக ஆல்கஹால் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். கள் எவ்வளவு புளித்திருக்கிறதோ அவ்வளவு பிழை. இதற்காகவே திராட்சை மதுவை அளப்பவர்கள் வடிப்பதற்கு முன் அதில் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து அமிலத்தை உப்பாக்கிவிடுகிறார்கள். உப்பு ஆவியாகாது.

கால்சியம் ஹைட்ராக்சைடு என்று ஆய்வகப் புட்டியில் எழுதியிருப்பது, உங்கள் சீவல் தொழிலாளி கருப்பநீர் முட்டியில் தடவும் அதே சுண்ணாம்புதான். அவர் நொதித்தலைத் தடுக்கத் தடவுகிறார், நீங்கள் அமிலத்தைப் பிடித்துவைக்கச் சேர்க்கிறீர்கள். கள் காரத்தன்மை அடையும் வரை சுண்ணாம்புப் பால் சேர்த்தபின் வடியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்த்த பிறகு எச்சத்தை அளந்து பயனில்லை, ஏனெனில் சேர்த்த சுண்ணாம்பும் அதில்தான் இருக்கும். எச்சம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு இல்லாமல் தனியாக ஒரு முறை வடித்து அளங்கள், இல்லையேல் தபாரியேயின் கூட்டலால் கணக்கிடுங்கள்.

மேற்கரை அவர்கள் சொன்ன ஒளிவிலகல் முறையை நான் ஒதுக்கவில்லை. சேகரிப்பு நிலையத்தில் இரண்டு நிமிடத்தில் தோராய விடை வேண்டும் என்றால் அதுவே நல்ல வழி. முதலில் இருபது முப்பது மாதிரிகளை வடித்தும் அளந்து, ஒளிவிலகல்மானியாலும் அளந்து, உங்கள் கள்ளுக்கென்று ஓர் ஒப்பீட்டுக் கோட்டை வரைந்துகொள்ளுங்கள். பிறர் வரைந்த கோட்டைக் கடன் வாங்காதீர்கள், அது பியருக்கு வரைந்ததாகத்தான் இருக்கும்.

நாளை நீங்கள் சாராயத்தையும் அளக்கக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். 40 சதவீத எத்தனால் கரைசலின் அடர்த்தி 0.9481. நிறத்துக்காகச் சேர்க்கும் கருகிய சர்க்கரையோ, மரப்பீப்பாயிலிருந்து இறங்கும் சாறோ லிட்டருக்கு ஒரு கிராம் இருந்தாலே, கருவி ஆல்கஹாலை ஏறத்தாழ 0.2 சதவீதம் குறைத்துக் காட்டும். நிறமில்லாத சாராயத்தை நேரடியாக அளக்கலாம், நிறமேற்றியதை வடித்த பிறகே அளக்க வேண்டும். இந்தியாவில் பல மதுப்புட்டிகளில் 42.8 என்ற விந்தையான எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்துப் 'புரூஃப்' கணக்கில் 100 என்பது கன அளவில் 57.1 சதவீதம், அதில் 75 பங்கு 42.8 ஆகிறது. சைக்ஸ் என்பவரின் ஹைட்ரோமீட்டரை 1816-இல் பிரிட்டிஷ் சட்டம் ஏற்றது. அந்த அளவுகோலின் நிழல் இன்னும் லேபலை விட்டு நீங்கவில்லை. பழைய ஹைட்ரோமீட்டரை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தீர்களானால், அது 60 பாரன்ஹீட்டுக்கு வகுக்கப்பட்டதா, 20 செல்சியஸுக்கா என்று தண்டில் பொறித்திருப்பதை முதலில் படியுங்கள்.

பனைவளவு (யாழ்ப்பாணம்) எழுதியது:

இரண்டு வாரங்கள் கழித்து முடிவுகளோடு வருகிறேன்.

முதலில் குழாயைக் கழுவினேன். நீர், எதனோல், பிறகு சிலிக்கா ஜெல் வழியாகக் காற்று. முன்பு காற்றுக்கு 0.0019 காட்டிய கருவி, குழாய் உண்மையில் உலர்ந்த பிறகு செய்த அளவுதிருத்தத்துக்குப் பின் 0.0012 காட்டுகிறது. உள்ளே நீர் படிந்திருந்தது என்பதில் ஐயமில்லை. நீருக்கு மூன்று நாட்களும் 0.9982.

கள்ளைக் குளிரவைத்து, கலக்கி, வடிகட்டிச் செலுத்தியபோது, மூன்று அளவுகளும் 0.9982, 0.9982, 0.9981 என வந்தன. முன்னர் தாவியதெல்லாம் குமிழிதான். புதிய மாதிரியாயினும் இதுவும் நீரின் அடர்த்தியிலேயே நின்றது வியப்பாக இருந்தது. எங்கள் கள் போத்தலுக்கு வரும் பக்குவத்தில் பெரும்பாலும் அந்த எல்லையைத்தான் தொடுகிறது போலும்.

சுண்ணாம்பு சேர்க்காமல் வடித்தபோது வடிநீரின் அடர்த்தி 0.9899, அதாவது 5.9 சதவீதம். எச்சத்தை 100 மில்லிலீற்றராக்கி அளந்தபோது 1.0066. கள்ளின் 0.9982-இலிருந்து 0.9899-ஐக் கழித்து 0.9982-ஐக் கூட்டினால் வருவது 1.0065. கையெழுத்திடலாம் என்று நினைக்கிறேன். பிரிக்ஸில் அது ஏறத்தாழ 2.1. அடுத்து அதே கள்ளில் சுண்ணாம்புப் பால் சேர்த்து வடித்தேன். அடர்த்தி 0.9897, மதுசாரம் 6.0 சதவீதம். வேறுபாடு சிறிதுதான், ஆனால் இரண்டு முறை மீண்டும் செய்தும் அதே திசையில்தான் இருந்தது. பிற்பகல் வரை வெளியில் வைத்துப் புளிக்கவிட்ட மாதிரியில் அந்த இடைவெளி இன்னும் அகன்றது. இனி எல்லா மாதிரிகளையும் சுண்ணாம்போடுதான் வடிப்போம்.

மேற்கரை அவர்களின் கணிப்பும் பொய்க்கவில்லை. வடிகட்டிய கள்ளை ஒளிவிலகல்மானியில் ஒரு துளி வைத்துப் பார்த்தபோது 4.3 காட்டியது. ஒப்பீட்டுக் கோட்டுக்காக இதுவரை ஒன்பது மாதிரிகள் சேர்ந்திருக்கின்றன.

கையடக்கக் கருவியைக் கள்ளிலிருந்து விலக்கிவிட்டோம். அதை இப்போது கருப்பநீர் வாங்கும் இடத்தில் வைத்திருக்கிறோம். அங்கே மதுசாரம் இல்லை, சீனி மட்டுமே. சுண்ணாம்பு சற்று உயர்த்திக் காட்டினாலும், ஒரே முட்டியை முந்திய நாளோடு ஒப்பிட அது போதுமானது. வழமையாகப் 12-ஐ ஒட்டி வரும் ஒருவருடைய கருப்பநீர் நேற்று 9-க்கு இறங்கியிருந்தது. முட்டியில் சுண்ணாம்பு போதவில்லை என்று அவரே பார்த்துச் சொன்னார்.

மேற்கரை (ஸ்டுட்கார்ட்) பதில்:

4.3 என்று படித்ததும் மகிழ்ச்சி. ஒன்பது மாதிரிகளும் ஒரே பருவத்தில் எடுத்தவை என்றால், அடுத்த பருவத்தில் சில மாதிரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிளில் எனக்கு முதல் ஆண்டு வரைந்த கோடு மறு ஆண்டு அரைச் சதவீதம் விலகியது.